மலை கேட்டேன், மழை வந்தது

என் மனைவி ஆற்றுக்கு அக்கரையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவாள். நடுவில் தரைப்பாலம். கல்வராயன் மலையில் கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிடும்.

அதற்காகத்தான் சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் கடைப் பெண்ணிடம் போனேன். மலை ஓடையில் ஒரு கருவி இருக்கிறதாம். தண்ணீர் ஏறினால் ஒரு தடவை சேதி போடும். யாருக்கு என்று அதற்குத் தெரியாது. கேட்டு வைத்தவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பிரித்து அனுப்பும். கேட்காதவனுக்கு வராது.

"இன்னா சேதிண்ணா வேணும்?"

"மல சேதி."

அவள் மழை என்று தட்டிவிட்டாள். எங்கள் பக்கம் ழ யார் வாயிலும் நிற்காது. இரண்டும் தனித்தனிச் சேதி என்று எனக்கும் தெரியாது.

தினமும் காலையில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மழை இல்லை. மலையில் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அது எங்கள் ஊர் வானத்தைச் சொல்லியிருக்கிறது.

ஒரு நாள் மதியம், என் மனைவி அக்கரையில் இருக்கும்போது, மலைப்பக்கம் கறுத்தது. போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. இருப்புக் கொள்ளாமல் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் போன் கத்தியது.

"இன்னாய்யா, மலையில தண்ணி ஏறிக்கினு இருக்குதாம். உனுக்கு வர்ல?"

"மழை இல்லன்னு வந்துதே."

"இங்க இல்ல. அத சொல்றதுக்கு ஒரு போனா? தலைய தூக்கிப் பாத்தா பத்தாது?"

ஓடினேன். பாலத்தில் கணுக்கால் அளவு செந்தண்ணீர். அக்கரையில் அவள், தலையில் கிழங்கு மூட்டையோடு.

"வராதம்மே!"

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. கையை ஆட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பாலத்தில் கால் வைத்தாள். இரண்டு கையையும் ஆட்டினேன். இன்னும் வேகமாக வந்தாள்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அவள் கரை ஏறியதும் பாலத்து ஓரக்கல் எல்லாம் மறைந்துவிட்டது.

பஸ்ஸில் சுற்றிக்கொண்டு பொழுது சாய வீடு வந்தாள்.

"போன கையில வச்சிக்கினு மண்ணுல குந்திக்கினு இருந்தியே, இன்னா சொல்லுச்சி அது?"

"மழை இல்லையாம்."

"ம்க்கும்."

மறுநாள் கடைப் பெண்ணிடம் போய் வாயைத் திறக்கவில்லை. மலைப்பக்கம் விரலை நீட்டினேன். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள்.

இப்போது மலைச் சேதி வருகிறது. வராத நாள்தான் தொல்லை. தண்ணீர் இல்லாமல் வரவில்லையா, கருவி கெட்டு வரவில்லையா, போன் சொல்லாது. அவள் அக்கரையில் இருக்கும் வரை ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.