நாய்க்குக் கொடுத்த மருந்தில் பாதி

சரோஜா அக்காவின் பூனையைக் கொன்றது நான்தான். முனுசாமி அண்ணன் இல்லை. நான்!

எழுதியதும் எழுந்து போய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். தாழிட்டுத்தான் இருந்தது. என் சுபாவம் அப்படி. கேஸை அணைத்தேனா, குழாயை மூடினேனா, ரயில் போய்விடுமோ... எந்நேரமும் ஏதாவது ஒரு பயம். அந்தப் பயம்தான் கொன்றது என்று உங்களிடம் சொல்லித் தப்பிக்கலாமா? கூடாது. பயத்துக்குக் கை கிடையாது. செய்தது என் கை.

நாங்கள் இருப்பது நந்திதுர்க் பக்கம், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய தொழிலாளர் லைன் ஒன்றில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது, மேலே இடைவெளி. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். இங்கே ரகசியம் பேசுவதென்றால் எழுந்து வெளியேதான் போக வேண்டும்.

என் வீட்டில் டைகர் என்றொரு நாய். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் சின்னி என்றொரு வெள்ளைப் பூனை. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரும் போய்ச் சேர்ந்து வெகு காலம். சின்னிக்குப் பால்சோறு வைத்த பிறகுதான் தன் தட்டை எடுப்பார். அந்தச் சின்னி சுவர்மேல் நடந்து வந்து எங்கள் பக்கம் குதித்து, டைகரின் கோணிச்சாக்கில் அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். லைனே வந்து வேடிக்கை பார்க்கும்.

அந்தக் கோடையில் வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்தது.

உங்கள் வீட்டில் வந்ததுண்டா? வராதவர்களுக்குப் புரியாது. கணுக்காலெல்லாம் சிவப்புத் தடிப்பு. வெள்ளைத் துணியை விரித்தால் கறுப்புப் புள்ளிகள் துள்ளும். நசுக்கப் போனால் காணாமல் போகும். வேப்பிலை கொதிக்கவைத்துத் தெளித்தேன். உப்பைத் தூவினேன். பினாயில் ஊற்றி எனக்கே தலை சுற்றியது. பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை!

எனக்கு அப்போது ஒரே கவலைதான். என் மகள் கவிதாவுக்குத் தலைப்பிரசவம். அவளை என் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அவள் மாமியார் போனில் சொன்னார்: "நாய் வளக்கற வூடாமே? பச்சப் புள்ளய பூச்சி கீச்சி கடிச்சிதுன்னா இன்னா பண்ணுவீங்க? இங்கியே வெச்சிக்கிறோம், வுடுங்க."

வுடுங்க! பெற்றவளிடம் சொல்லும் சொல்லா அது? போனை வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை துள்ளியது.

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவள். மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறேன். ரயிலில் வார இதழ்களைப் படித்துப் படித்துத்தான் இந்த எழுத்து வந்தது. அந்த வீட்டம்மாவிடம் தெள்ளைப் பற்றிப் புலம்பினேன். அவர் தன் நாய்க்கு வாங்கி மிஞ்சிய பெட்டியை எடுத்துத் தந்தார். உள்ளே இரண்டு சிறிய குழல்கள். நுனியை உடைத்துக் கழுத்துக்குப் பின்னால் விட வேண்டுமாம். "நாய்க்குத்தான் வசந்தா, உன் டைகருக்குப் போடு" என்றார்.

தெளிவாகத்தான் சொன்னார்.

ஒரு குழலை டைகருக்கு விட்டேன். அது சொறிவதை நிறுத்தியது. ஆனால் தரையில் துள்ளுவது நிற்கவில்லை. அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? சுவர்மேல் நடந்து வருகிறவளிடமிருந்துதான்... என் மனம் சின்னியைப் பிடித்துக்கொண்டது.

அக்காவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, சின்னி சொறிஞ்சிக்கினே கீது பாரு. தெள்ளு இருக்குமோ?"

"எம் பூனைக்கா தெள்ளு? அது நாள்பூரா நக்கி நக்கியே குளிக்குது. நீ மொதல்ல உன் நாயக் குளிப்பாட்டு தாயே! சொல்ல வந்துட்டா..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இனி கேட்டால் சண்டை வரும். கேட்காமலே செய்துவிட்டால்? நல்லதுதானே செய்கிறேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். சின்னி டைகரின் சாக்கில் படுத்திருந்தது. இரண்டாவது குழலை உடைத்தேன். பூனை சின்ன உடம்பு என்று கணக்குப் போட்டுப் பாதியை மட்டும் விட்டேன். முடியை விலக்கி, தோல்மேல். சின்னி என் மணிக்கட்டில் தலையைத் தேய்த்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. ஆனால் ஒரு படம் இருந்தது. பூனையின் தலை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அதைப் பார்த்தேன்! படம் பார்க்க எந்தப் பள்ளிக்கூடம் போக வேண்டும்? 'பூனைக்கு அவ்வளவாகத் தேவையில்லை போல' என்று எனக்கு வசதியாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அலறினார்.

ஓடினேன். சின்னி தரையில் கிடந்தது. காதுகள் வெட்டி வெட்டித் துடித்தன. கால்கள் இழுத்துக்கொண்டன. வாயில் நுரை. அதற்குள் லைனே கூடிவிட்டது. "விஷம்டி! யாரோ விஷம் வெச்சிட்டாங்க!" என்று ஒரு குரல்.

கழுத்தில் மருந்தின் பிசுக்கு மினுங்கியது. எனக்கு மட்டும் தெரிந்தது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டால்...? வாளியைக்கூட எடுத்துவிட்டேன். அடுத்த கணமே பயம் பேசியது: 'கழுத்தை எதுக்குடி கழுவுறன்னு கேட்பாங்களே!'

வாளியைக் கீழே வைத்தேன்.

இருட்டுவதற்குள் சின்னி அடங்கிவிட்டது.

முனுசாமி அண்ணன் எங்களுக்கு எதிர்வீடு. சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்து காது போனவர். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார். கோழி வளர்க்கிறார். கொஞ்ச நாள் முன்னால் சின்னி அவருடைய குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. "இன்னொரு தபா என் குஞ்சத் தொட்டா, சோத்துல விஷம் வெச்சிடுவேன், பாத்துக்க!" என்று அவர் கத்தியதை லைன் முழுக்கக் கேட்டிருந்தது.

அக்கா சின்னியை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வசந்தா, உன் ஜன்னல்ல நின்னா அவன் வூடு தெரியுமில்ல. காத்தால அவன் இன்னா போட்டான்? நீ பாத்தியா?"

ஞாயிறுதோறும் முனுசாமி அண்ணன் மீன் கழுவி, தலையும் குடலும் காக்காய்க்கு வீசுவார். அன்றும் வீசினார்.

"மீன் தல போட்டாருக்கா..." என்றேன்.

பொய்யா? பொய்யில்லையே! எத்தனை தடவை இதை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உண்மையை வைத்தே ஒரு மனிதனைப் புதைக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் லைனில் யாரையும் கூப்பிட்டுவைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். தீர்ப்பு குழாயடியில் நடக்கும். எப்போதாவதுதான் தண்ணீர் வரும். அதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். சின்னி செத்த பிறகு முனுசாமி அண்ணனின் நீலக்குடங்களை வருகிறவர்களெல்லாம் காலால் கடைசிக்குத் தள்ளினார்கள். அவர் வீட்டு முட்டையை யாரும் வாங்கவில்லை.

"நான் வெக்கலம்மா! ஏதோ வாய் வார்த்த, அவ்ளோதான்!" என்று அவர் கத்தினார். கத்தக் கத்த, குற்றவாளி கத்துவது போலவே இருந்தது.

டைகருக்கு ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வேறு யாருக்கோ நடந்தது போல டாக்டரிடம் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாய் மருந்தப் பூனைக்கா? நரம்ப இழுத்துக் கொன்னுடும்மா! உடனே சோப்புத் தண்ணில கழுவித் தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருக்கலாம்."

நான் கீழே வைத்த வாளி...

தெள்ளைப் பற்றியும் சொன்னார். நாய்மேல் இருப்பது கொஞ்சம்தானாம். முட்டையெல்லாம் சாக்கிலும் தரை வெடிப்பிலும்தான் கிடக்குமாம். சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவை. வெடிப்பைச் சிமெண்டால் அடை. மூலைத் தூசியைக் கூட்டித் தூரக் கொட்டு. புதிதாகப் பொரிந்து வரும், சலிக்காமல் செய்துகொண்டே இரு என்றார். செய்தேன். தெள்ளு போய்விட்டது. கவிதா வந்தாள், பேரன் பிறந்தான்.

சின்னியைத் தொட்டிருக்கவே வேண்டாம்!

பேரன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முனுசாமி அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டு. துண்டுக்குள் ஒரு பூனைக்குட்டி.

"பேத்தமங்களாவுல தங்கச்சி வூட்லேர்ந்து எடுத்தாந்தேம்மா!" வழக்கமான அதே குரல். "ஒடம்பு பூரா தெள்ளு! நீ நாய்க்குப் போட்டியே பெங்களூர் மருந்து, அதுல ரெண்டு சொட்டு குடேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மீதிப் பாதி மருந்து என் பரணில்தான் இருந்தது. குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அதைக்கூட வைத்துக்கொண்டிருந்தேன்.

"வேணாண்ணா... பூனைக்கு ஆவாது" என்றேன், மெதுவாக.

"இன்னா? கேக்கல. சத்தமாச் சொல்லு!"

அந்த நிலையை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கேட்க வேண்டும். அக்காவுக்குக் கேட்கக் கூடாது. சொல்லாவிட்டால் இந்தக் குட்டியும் துடிக்கும்.

"பூனைக்கு ஆவாதுண்ணா!"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

அண்ணன் என்னைப் பார்த்தார். டைகரின் சாக்கைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரின் மேல் இருக்கும் இடைவெளியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது கேட்டுவிட்டது.

தூளியைப் பார்த்தார். பிறகு, சுவரைத் தாண்டிப் போகும்படி குரலை உயர்த்தினார். "மருந்து தீந்துபோச்சா? சரி சரி, வுடு! நான் பேன் சீப்பாலயே வாரிக்கிறேன்!"

மறுபடி தேங்காய் துருவும் சத்தம்.

குட்டியை என் கையில் வைத்தார். மறுபடி தணிந்த குரல். "சரோஜாவுக்குத்தான் எடுத்தாந்தேன். நான் குடுத்தா வாங்க மாட்டா. நீயே குடு."

வெந்நீரில் குளிப்பாட்டினேன். பேன் சீப்பால் வாரி வாரி, வந்த தெள்ளையெல்லாம் சோப்புத் தண்ணீரில் போட்டேன். முடி காய்ந்ததும் அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா அதை மார்போடு அணைத்து அழுதார்.

"எங்கேர்ந்துடி புடிச்சாந்த? என் வயித்துல பால வாத்த, போ! உன் பேரன் நூறு வருஷம் இருக்கட்டும்!"

சின்னியைப் பற்றிச் சொல்லத்தான் துணிவில்லை. குட்டியை யார் கொடுத்தார் என்றாவது சொல்லியிருக்கலாமே? அந்த ஒரு பெயர்... "தெரிஞ்சவங்க குடுத்தாங்கக்கா" என்றேன்.

போன முறை தண்ணீர் வந்தபோது குழாயடியில் கூட்டம். அக்கா இடுப்பில் குட்டியோடு நின்றார். முனுசாமி அண்ணனின் நீலக்குடம் எப்படியோ எனக்கு முன்னால் வந்திருந்தது.

"அந்தப் பாவி கொடத்தப் பின்னால தள்ளுடி வசந்தா" என்றார் அக்கா.

எதிரில் முனுசாமி அண்ணன் தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அவர் காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் குடத்தைத் தள்ளினேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் எங்கள் லைனில் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிந்தது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த அக்கா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். மெதுவாகச் சொன்னாலே அவருக்குக் கேட்கும்... இதோ, தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்.