கிட்டங்கித் தாமரைக்குள் இறங்கிய மூன்றாவது தூண்டில்

வெளிநாட்டிலிருந்து வந்த என் பேரன் ஒரு பெட்டி நிறையப் பொய்த்தூண்டில் கொண்டுவந்தான். ஈயத் தலை, ரப்பர் முடி, முள்ளுக்கு முன்னால் விறைத்த நாலு மயிர். "தண்ணிச் செடிப் பற்றைக்குள்ள மீன் பிடிக்க இதுதான் மூத்தம்மா, புதுச் சாமான்" என்றான். அந்த விறைத்த மயிரை விரலால் அமத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அதே வேலையை ஈர்க்கு வைத்து நாங்கள் செய்தது ஐம்பதுகளில். கிட்டங்கிக்கு விரால் பிடிக்கப் போக நினைக்கிறவர்கள் இந்த இணையப் பக்கத்தை வாசிக்கிறார்களாம். அவர்களுக்காக அந்தப் பயணத்தை எழுதுகிறேன். நான் எழுதித் தருவதைப் பேத்தி தட்டுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது.

எங்கள் வீடு மருதமுனையில். வாப்பாவுக்கு இரண்டு தறி இருந்தது. எனக்குக் கலியாணமாகி மூன்று மாதம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். என் மாப்பிள்ளை சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து வந்தவர், கடலில் மீன் பிடிக்கிறவர். அந்தத் தை மாதம் பக்கத்து வளவில் இருந்த ராத்தாவுக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் ராத்தாவுக்குப் பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பாலில் பஞ்சை நனைத்து வைத்தால் துப்பிவிடும். முதல் இரண்டு நாள் ஊர் கேட்க அழுதது. பிறகு அழுகை மெலிந்துகொண்டே போனது. உரத்து அழுத நேரம் எரிச்சல் பட்ட நாங்கள், மெதுவாக அழத் தொடங்கியபோதுதான் பயந்தோம்.

மருத்துவிச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "விரால் ஆணம் காய்ச்சிக் குடுங்க. மிளகு, மல்லி, உள்ளி. உயிர் விராலா இரிக்கணும்." ஆணம் என்றால் எங்களுக்குக் குழம்பு.

கல்முனைச் சந்தையில் கடல்மீன் குவிந்து கிடந்தது. விரால் ஒன்றுகூட இல்லை. மழைவெள்ளத்தில் குளமும் ஆறும் ஒன்றாகி, தாமரையும் ஆகாயத் தாமரையும் மூடிக் கிடந்ததால் யாராலும் வலை வீச முடியவில்லை. இதைக் கேட்டதும் என் மாப்பிள்ளை, "நான் போய்ப் பிடிச்சிட்டு வாறன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா என் காதில் மட்டும் சொன்னா: "பாரை பிடிக்கிறவருக்கு விராலுட வீடு தெரியுமா புள்ள?"

கிட்டங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சவளக்கடையில் எங்கள் சாச்சி இருந்தா, உம்மாவின் தங்கை. புதுமாப்பிள்ளை தனியாகப் பெண்வழிச் சொந்தத்தில் போய் இறங்குவது எங்களுக்குள் வழக்கமில்லை. அதனால்தான் எனக்கும் அந்தப் பயணம் வாய்த்தது. சாச்சிக்குக் கொடுக்கவென்று தறியில் மிஞ்சிய கழிவு நூலை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். பாய் ஓரம் கட்ட அவவுக்கு உதவும்.

விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பாண்டிருப்பு நல்லதம்பி அண்ணனின் ஒற்றை மாட்டுக் கரத்தை. போய்வர இரண்டு ரூபாய், வைக்கோல் எங்கள் செலவு. மருதமுனையிலிருந்து கல்முனைச் சந்திக்கு இரண்டு மைல், அங்கிருந்து மேற்கே திரும்பி நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு தாண்டிக் கிட்டங்கிக்கு இன்னும் மூன்று மைல் என்று அண்ணன் கணக்குச் சொன்னார். கடல் இரைச்சல் பின்னால் குறையக் குறைய, வயல் காற்று முன்னால் வந்தது. நெல் பால் பிடிக்கும் பருவம். அந்த மணத்தை நான் இன்றைக்கும் எந்த அத்தருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டேன்.

கிட்டங்கித் தாம்போதியில், அதாவது ஆற்றைக் கடக்கிற தாழ்ந்த கல்பாதையில், சாண் உயரத்துக்கு வெள்ளம் ஓடியது. மாடு தயங்கித் தயங்கி இறங்கியது. இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீரே தெரியவில்லை. இலைக்கு மேல் இலை, அதற்கு மேல் பூ. நீலக் கோழிகள் இலை மேல் நடந்து திரிந்தன. கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, மூடிக் கிடக்கிற தண்ணீர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை தெரியாது. என் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அழகு தெரியவில்லை. "இதுக்குள்ள எங்கால தூண்டில் போடுற?" என்றார்.

நல்லதம்பி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அது லேசு தம்பி. ஒரு தவளையப் பிடிச்சு முதுகில கொளுவி இலைக்கு மேல விடுங்க. விரால் வீடு தேடி வரும்."

"வேணாம் அண்ணன். எங்களுக்குத் தவளையக் கொல்லக் கூடாது."

"நீங்க ஏன் கொல்லப் போறீங்க? விரால் கொல்லும்."

"கொளுவுறது நான்தானே."

அண்ணன் மாட்டைத் தட்டினார். "நல்ல மார்க்கம். தவளைகள் கேட்டா எல்லாம் உங்கட ஊருக்குக் குடிவந்திரும்."

சாச்சியின் வளவு நீர்க்கரையில் முடிகிறது. பிளேன்டி குடித்த கையோடு என் மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். முதலாவது தூண்டில் அவர் கடலில் பாரைக்குப் போடுவது: பெரிய ஈயத் தலை, வெள்ளைச் சேவல் இறகு. கடற்காரருக்கு எட்ட எறிவதுதான் திறமை. அவரும் கையைச் சுழற்றி எட்டத்தான் எறிந்தார். பார்க்க அழகான எறிதான். ஈயம் இலையைக் கிழித்துக்கொண்டு தண்டுகளுக்குள் புதைந்தது. இழுத்தால் தாமரை கிழங்கோடு வந்தது. அடுத்த எறியில் கயிறு அறுந்து தூண்டிலும் போனது.

இரண்டாவதில் ஈயம் கட்டாமல், பால் டின் தகட்டில் மினுங்கும் துண்டொன்று வெட்டிக் கட்டினார். இழுத்தால் அது மேலாகவே வந்தது, ஆனால் ஒவ்வொரு எறிக்கும் முள்ளு நிறையப் பாசி. கரையில் கட்டியிருந்த சாச்சியின் ஆடு அதைத் தின்றுகொண்டே நின்றது.

"தம்பி ஆட்டுக்குப் புல்லுப் பிடிக்கிறார்" என்றார் நல்லதம்பி அண்ணன். நான் சிரிக்கவில்லை. எனக்கு ராத்தாவின் வீட்டுச் சத்தம்தான் காதுக்குள் இருந்தது.

மத்தியானத் தொழுகை ளுஹர் வரை ஒன்றும் படவில்லை. சாச்சி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கதைத்தா. "ஒரு புள்ளட உயிர் விசயம். மருந்துக்கு எண்டா அல்லா பொறுப்பான். ஒரு தவளையக் கொளுவச் சொல்லு கா." அவ சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நான் போய்ச் சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அஸர் வரைக்கும் பார்ப்பம். மறுகா நீ சொல்ற மாதிரிச் செய்வம்" என்றார். அந்த 'செய்வம்' அவருக்கு எவ்வளவு பாரம் என்பது எனக்கு விளங்கியது. பின்னேரத் தொழுகை அஸருக்கு அதிக நேரம் இல்லை.

நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாச்சி ஈர்க்குமாற்றால் சருகு கூட்டினா. என் பொட்டலத்திலிருந்து சிதறிய நூல் முடிச்சுகளும், நிலத்தில் புடைத்த மர வேரும் அங்கே கிடந்தன. ஈர்க்கு வேரில் பட்டு வளைந்தது, தாண்டியதும் நிமிர்ந்தது. ஒன்றிலும் மாட்டவில்லை. இதைப் பார்த்ததும் எழும்பிவிட்டேன்.

"இஞ்சாருங்க. முள்ளுக்கு முன்னால ரெண்டு ஈர்க்குக் கட்டினா என்ன? தண்டு பட்டா வழுக்கிப் போகும். மீன் கவ்வினா ஈர்க்கு மடங்கும், முள்ளுப் படும்."

அவர் என்னையும் விளக்குமாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றைச் சாச்சியின் கையிலிருந்து வாங்கினார்.

மூன்றாவது தூண்டிலை இருவரும் சேர்ந்து கட்டினோம். ஈயம் வீச்சு வலையில் கட்டும் சின்னக் குண்டு ஒன்றுதான், அதுவும் மூக்கோரம். கழிவு நூலைச் சுற்றிச் சுற்றி, தலை பூவரசம் மொட்டுப்போல் கூராக வரச் செய்தேன். கூர்த் தலைதான் இலைக்கிடையில் நுழையும். பின்னால் நூலைக் குஞ்சமாக விட்டேன், இழுத்தால் கால் விரிக்கிற மாதிரி. நிறத்தில்தான் சண்டை வந்தது.

"வெள்ளை கட்டு. மீனுக்கு வெள்ளதான் தெரியும்."

"அது உங்கட தெளிஞ்ச கடல்ல. இந்தத் தண்ணி தேத்தண்ணி மாதிரி இரிக்கி. விரால் கீழ நிண்டு மேல பாக்கும். தறிப் பாவு நூல வெளிச்சத்துக்குப் பிடிச்சா வெள்ள நூல் மறைஞ்சிரும், கறுத்த நூல்தான் தெரியும். நான் தறியில தினமும் காண்றது."

"கறுப்பே கட்டு" என்றார். கலியாணமாகி அவர் என்னிடம் தோற்ற முதல் இடம் அதுதான். அவர் முகத்தில் அதற்காக ஒரு சுளிப்பும் இல்லை. அதை நான் இன்றுவரை மெச்சுகிறேன்.

எட்ட எறிவதையும் விட்டார். நீளமான மூங்கில் தடியின் நுனியில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த அளவு, கயிறு கட்டிக்கொண்டு சாச்சியின் தோணியில் ஏறினார். அண்ணன் மரக்கோலால் தள்ளினார். நான் துறையில் நின்றேன். விரால் மூச்சு வாங்க மேலே வரும். வந்த இடத்தில் இலைகளுக்கிடையில் ஒரு வட்டம் விரியும். கரையிலிருந்து இருபதடிக்குள் அப்படி ஒரு வட்டம் விரிந்தது. இவர் தூண்டிலை ஒரு தாமரை இலை மேல் இறக்கினார். மெதுவாக இழுத்து, இலை விளிம்பிலிருந்து சொட்டுப்போல் உள்ளே விழவிட்டார். தண்டில் பட்டது, மாட்டவில்லை. ஒரு தரம் தூக்கி இறக்கினார். இரண்டாந்தரம் தூக்கும்போது தண்ணீர் வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டது.

"விடாதீங்க தம்பி, கயிறு குடுக்காதீங்க, தண்டைச் சுத்திரும், மேல தூக்குங்க, மேல!" நல்லதம்பி அண்ணன் கோலை விட்டுவிட்டு எழும்பி நின்றார். தோணி ஆடியது. மூங்கில் வில்லாக வளைந்தது. கடலில் என்றால் மீனை ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம். பற்றைக்குள் அது கூடாது. தலையை ஒரே தூக்கில் மேலே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார். முழங்கை நீளத்துக்கு மேல், கரிய முதுகு, பொன் வயிறு. தோணிக்குள் விழுந்து அண்ணனின் காலில் அடித்தது.

அண்ணன் காலைத் தடவிக்கொண்டு, "தவளைக்கு நீங்க நல்ல மனிசன். விராலுக்கு?" என்றார்.

"அதத் தின்னலாம் எண்டு மார்க்கம் விட்டிரிக்கி அண்ணன்."

குடத்தில் ஈரத் தாமரை இலை வைத்து மூடி, விராலை உயிரோடு கொண்டுவந்தோம். வழி முழுதும் குடத்தின் மேல் என் கை இருந்தது. உள்ளே அது முட்டும்போதெல்லாம் எனக்கு நிம்மதி. பொழுதுபடும் மஃரிபுக்கு முன் வீடு. உம்மா மீனைக் கண்டதும் மருமகனுக்கு முதல் கோப்பை தேத்தண்ணியைத் தன் கையாலேயே ஊற்றினா. என் காதில் சொன்னதற்கு அதுதான் அவ கேட்ட மன்னிப்பு.

அன்றைக்கே ஆணம் காய்ச்சி ராத்தாவுக்குக் கொடுத்தோம். அடுத்த நாளும் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் காலையில் நான் தறியில் இருந்தபோது பக்கத்து வளவிலிருந்து சத்தம் வரவில்லை. தறியை விட்டு ஓடினேன். ராத்தா சுவரோடு சாய்ந்திருந்தா. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தான். "கதைக்காத, எழும்பிருவான்" என்றா ராத்தா. விராலாலா, ராத்தாவின் மனம் ஆறியதாலா, அதை அல்லாஹ் அறிவான்.

கொஞ்ச நாளில் நல்லதம்பி அண்ணன் வந்து அதேபோல் ஆறு தூண்டில் கேட்டார். அவருக்கு மார்க்கத் தடை ஒன்றும் இல்லை. "தவளை பிடிக்க விடியச் சேத்துக்குள்ள இறங்கணும். உங்கட தவளை பெட்டியில படுத்துக் கிடக்குமே" என்றார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில சொல். மழை முடிந்த தை, மாசியில் பற்றை தடிப்பாக இருக்கும். மீனும் அதற்குள்தான் இருக்கும். தாம்போதிக்கு மேல் வெள்ளம் வேகமாக ஓடினால் திரும்பிவிடுங்கள், மீன் எங்கும் போகாது. முதலை உண்டு, அந்த ஊராரைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். ஆட்டோக் கூலியை ஏறுவதற்கு முன் பேசுங்கள். தூண்டில் தெரிவு செய்யும்போது மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். தலை கூரா, முள்ளுக்கு முன் காவல் உண்டா, ஈயம் அளவா என்று பாருங்கள். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு. கயிறு தடிப்பாக இருக்கட்டும். எட்ட எறிந்து திறமை காட்ட வேண்டாம், மீன் கிட்டத்தான் நிற்கும்.

பேரன் போன கிழமை தன் புதுத் தூண்டிலோடு கிட்டங்கிக்குப் போய் ஒரு விரால் கொண்டுவந்தான். கறுப்பு முடி கட்டச் சொன்னது நான்தான். ஆணம் காய்ச்சி ராத்தாவின் மகனையும் சாப்பிடக் கூப்பிட்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. கோப்பையை மோந்து பார்த்துவிட்டு, "குளத்து மீன் சாச்சி, சேறு மணக்கிது, எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டான்.

"வேணாட்டி விடு மனே" என்றேன். "உன்ட பங்க நீ அப்பவே குடிச்சிட்டாய்."