நடு ஏரியில் ஒரு அவசரம்

இன்று அடையாறிலிருந்து பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போனோம். வெயிலுக்குப் பயந்து, நான்கு வயது மகளுக்கு வழியெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

நடு ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது.

"அம்மா, சுச்சூ வருது."

படகுக்காரர் இறங்கித் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "கடல் தண்ணி உள்ள ஏறுனாதான் படகு நகரும்மா. பாப்பாவ ஓரமா தூக்கிப் புடி, ஒண்ணும் ஆவாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூக்கினேன். காலை உதறினாள்.

"வெளில போனா ஷேம்னு நீதான சொன்ன? எல்லாரும் பாக்குறாங்க!"

"யாருடி பாக்குறா?"

எதிரே நின்ற பூநாரைக் கூட்டத்தைக் காட்டினாள். கணவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் என் மடியிலேயே முடிந்தது.

பூநாரைகளைத் திரும்பி நிற்க வைக்கத் தெரிந்த அம்மாக்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.