கண்ணை மூடித் தூக்கும் தட்டு

கயிற்றை இழுக்கும்போது அண்ணி கண்ணை மூடிக்கொள்வார். மீன்களுக்குத் தீனி போட்டு இரண்டு மணி நேரம் ஆனதும், குளத்துக்குள் இறக்கியிருக்கும் வலைத்தட்டை மேலே தூக்கி விரல்களால் தடவுவார். ஒன்றும் தட்டுப்படாவிட்டால்தான் கண் திறக்கும். "காலி. எல்லாம் சாப்பிட்டுருச்சுங்க" என்பார், அப்போதுதான் மூச்சு வந்தவர்போல.

போன வருஷம் நோய் வந்து மூன்றே நாளில் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. அன்றிலிருந்து வீட்டு மிக்ஸி மீன்களுக்குச் சொந்தம். பூண்டு, மஞ்சள், நிலவேம்பு. அரைத்து, மாவுக்கஞ்சியில் குழைத்து, தீனி உருண்டைகளைப் புரட்டி, படுக்கையறை மின்விசிறிக்குக் கீழே உலர்த்துவார். என் அண்ணனுக்குக் கட்டிலில் ஓர் ஓரம் மிச்சம்.

"எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரையோட சரி. உன் மீனுக்கு வராத காய்ச்சலுக்கே வைத்தியமா?"

"உங்க வாயைப் பிளந்து ஊத்திடலாம். அதுங்களுக்கு? நோவு வந்துட்டா தீனியைத் தொடாது. அப்புறம் மருந்து எப்படி உள்ள போகும்? முன்னாடியே உடம்பைத் தேத்தினாத்தான் உண்டு."

"இது காப்பாத்துமா அண்ணி?" என்று கேட்டேன்.

"காப்பாத்தும்னு யாரு சொன்னா? கொஞ்சம் தாங்கும்னாங்க." சொல்லிக்கொண்டே பூண்டு மணக்கும் நகத்தைக் கடித்தார்.

யார் வந்தாலும் வாசலில் உள்ள, கிருமி கொல்லும் ஊதா மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் குளத்துப் பக்கம் போக முடியாது. ஒவ்வொரு முறையும் பழுப்பேறிய பாதங்களோடுதான் ஊர் திரும்புவேன்.

இந்த முறை நான் போனபோது வரப்புக்கு அந்தப் பக்கக் குளத்தில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. கொக்கு அங்கிருந்து இங்கே இறங்காமலிருக்க அண்ணி குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். கட்டி முடித்துத் திரும்பியவர் வேலியைப் பார்த்து நின்றுவிட்டார். எப்போதும் ஒரே ஆணியில் மாட்டும் எங்கள் கைவலை இன்று வேறொரு ஆணியில் தொங்கியது.

"இதை யாரு எடுத்தா?"

"பக்கத்துக் குளத்துக்காரன் செத்ததை அள்ளணும்னு கேட்டான். பாவமா இருந்துச்சு, குடுத்தேன்" என்றார் அண்ணன். "மூணு நாள் ஆச்சு. திரும்ப வாங்கினதும் நல்லா அலசித்தானே மாட்டினேன்?"

"எங்க அலசினீங்க?"

அண்ணனின் பார்வை எங்கள் குளத்துப் படிக்குப் போய்த் திரும்பியது.

அண்ணி கைவலையைக் கழற்றி ஊதாத் தண்ணீரில் முக்கினார். திட்டியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மாலைத் தீனியைப் போட்டவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கேலி எதுவும் இல்லாமல் தள்ளி நின்றார். நேரமானதும் கயிறு மேலே வந்தது. அண்ணியின் கண் மூடியிருந்தது. விரல்கள் தட்டின் ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவில் நின்றன. நான் பார்த்தேன். ஒரு கைப்பிடி உருண்டைகள், மஞ்சள்கூடக் கலையாமல்.

"ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா" என்றார் அண்ணன்.

"இல்ல. இன்னும் ஆகல." கண்ணைத் திறக்காமலே அண்ணி தட்டை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கினார்.