எட்டுப் பேர் படகு

எண்பதுகளின் தொடக்கம் அது. பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திருவண்ணாமலைக்கே திரும்பியிருந்தேன். வீட்டில் மனைவி, பத்தாவது படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன். வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்துப் பழகிய முகங்கள். நான் போய் நடுவில் உட்கார்ந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இவர்களை எப்படி என் பக்கம் இழுப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரும் என்ஜினும்தான். பாண்டிச்சேரியில் ஒருவர் பழைய மோட்டார் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஓட்டுபவரைத் தவிர எட்டுப் பேர் உட்காரலாம். மேலே கூரை, நடுவில் சாப்பிட ஒரு மேசை. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் எங்கள் நிலத்தை ஒட்டிப் பெரிய ஏரி உண்டு. அந்த வருடம் நல்ல மழை. குடும்பத்தோடு சுற்றலாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

என்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ரொம்ப ஓடித் தேய்ந்த என்ஜின். அது எனக்கு ஒரு பொருட்டில்லை. ஓட்டுகிறவர் சீட் கிழிந்து பஞ்சு தெரிந்தது. மற்ற எட்டு சீட்டிலும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அடித்தது யோகம் என்று நினைத்துக்கொண்டேன். விற்றவர், "வீட்ல எல்லாரும் வருவாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஓ, வருவாங்களே" என்றேன்.

லாரியில் படகு வந்து இறங்கியது. கார்த்திகை தீபத்தன்று முதல் சவாரி என்று நானாகவே முடிவு செய்தேன். ஏரி நடுவிலிருந்து மலை நன்றாகத் தெரியும். அன்று காலைதான் வீட்டில் சொன்னேன்.

பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, மலையில தீபம் தெரிஞ்சதும் வாசல்ல வெளக்கு ஏத்தணுமே. வீட்டப் பூட்டிட்டு எப்டி வர்றது? அண்ணன் வீட்லேருந்து எல்லாரும் நம்ம மாடிக்கு வராங்க."

பிறந்து வளர்ந்த ஊரின் வழக்கம் எனக்கு மறந்துபோயிருந்தது. சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை, கிளம்பிவிட்டேன்.

ஊருக்குள் வரும் பஸ்களில் கூரைமேலும் ஜனம். நான் ஏறிய பஸ் காலியாக எதிர்த்திசையில் போனது. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "ஏங்க, இன்னிக்குப் போய் இந்தப் பக்கம் போறீங்க? எதுனா சாவா?" என்றார். ஏரிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஏரி நடுவில் என்ஜினை அணைத்தேன். மலை உச்சியில் பொட்டு போலத் தீபம் தெரிந்தது. கரையோர ஊர்களிலிருந்து "அரோகரா" என்று குரல்கள் கேட்டன. அடுத்த நிமிடம் சுற்றிலும் வரிசை வரிசையாக அகல்விளக்குகள். என்னிடம் ஒரு தீப்பெட்டிகூட இல்லை. பார்த்தீர்களா என்று சொல்லத் திரும்பினேன். எட்டு சீட்டும் உறை பிரியாமல் அப்படியே இருந்தன. விற்றவர் எதற்கு இரண்டு தடவை கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருடமும் அந்த மனிதர் தனியாகத்தான் ஓட்டியிருக்கிறார். உட்கார்ந்து அழுதேன்.

வீடு திரும்பியபோது மாடியில் ஒரே சிரிப்புச் சத்தம். கதவைத் திறந்த மகள் மேலே பார்த்து, "அம்மா, அவரு வந்துட்டாரு" என்றாள். அப்பா வந்துட்டாரு என்று அவளுக்கு வரவில்லை. நான் மாடி ஏறியதும் சிரிப்பு நின்றது. யாரோ நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

மறுவருடம் படகை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். சீட்டை அழுத்திப் பார்த்து, "புதுசாவே கீதே" என்று சந்தோஷப்பட்டார்.

"வீட்ல எல்லாரும் வருவாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் வராம?"

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து வாங்கிக்கங்க."

போனவர் திரும்பி வரவில்லை. படகு கரையிலேயே கிடந்து மக்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அதன் பிறகு தீபத்தன்று நானும் மாடியில்தான் நிற்கிறேன். என்ஜின் சத்தத்தை அத்தனை காது கொடுத்துக் கேட்டு வாங்கியவன், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை; கேட்கப் பழகியபோது மகள் கல்யாணமாகி வேறு வீட்டு வாசலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.