ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா?

ராட்டர்டாமில் கிட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் நம்மை ஒரு கண்ணாடி அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், எதை வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய சுதந்திரமாகத் தெரியும். எனக்குப் பதற்றமாக இருந்தது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார்கள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருமுனைக் கஃபேயில் ஞாயிறு பிற்பகல்களில் ஜாஸ் வாசிக்கும் குழுவில் கிட்டார்காரர் இடம் காலியாகியிருந்தது. ஒருமுறை போய் வாசித்துக் காட்டினேன். டிரம்ஸ் வாசிக்கும் மார்ட்டின் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "விரல் நன்றாக ஓடுகிறது. ஆனால் உன் ஒலி காதைக் குத்துகிறது. அடுத்த வாரம் வேறு கிட்டாரோடு வா." இன்னொருவரும் இடம் கேட்டு வந்திருக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை. வெளியூரில் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தைத் தவிர இந்த நகரத்தில் என்னை 'வா' என்று சொன்ன இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மதுரையில் நாங்கள் யாரும் தனியாகப் போய்க் கிட்டார் வாங்கியதில்லை. செல்வத்தின் ஆர்கெஸ்ட்ராவில் அவன் கீபோர்டு, நான் லீட் கிட்டார். தல்லாகுளத்துக் கடைக்கு மொத்தக் குழுவும் டூவீலர்களில் போய் இறங்கும். ஒருவன் உள்ளே வாசிப்பான். மற்றவர்கள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார்கள். நடுவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதும் கிட்டார் கேட்டால் தலையாட்டுவார்கள். கேட்காவிட்டால் அடுத்ததை எடுக்க வேண்டும். கடைக்காரரின் கருத்தை ஒருவரும் கேட்பதில்லை. "நம்ம என்ன ஏசி ஹால்லயா வாசிக்கப் போறோம் மாப்ள? ராட்டினத்துல சுத்துறவனுக்கும் கேக்கணும்ல" என்பான் செல்வம். திருவிழா மேடையில் அது நியாயமான பேச்சுதான். அதனால் ஒலியைக் கூர்மையாக்கும் ட்ரிபிள் குமிழைக் கடைசிவரை திருப்பி வைப்பது எனக்கு, வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது போல. யோசித்துச் செய்வதில்லை.

கண்ணாடி அறையில் இரண்டு கிட்டார்கள் தேறின. இரண்டும் செமி ஹாலோ; உடம்பு குடைவாக இருக்கும், நடுவில் மட்டும் கெட்டி மரம். குடைவு ஒலிக்குக் கதகதப்பைக் கொடுக்கும், கெட்டி மரம் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடாமல் காக்கும். சிவப்புக் கிட்டாரின் ஒலி பளிச்சென்று இருந்தது. பழுப்புக் கிட்டார் அடங்கிய குரலில் பேசியது. எது சரி? எடுத்து எடுத்து மாட்டியதில் நேரம் போனதுதான் மிச்சம். பொறுக்க முடியாமல் செல்வத்துக்கு போன் போட்டேன்.

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன் மாப்ள. மேலூர்ல புரோகிராம். வாசி, கேப்போம்" என்றான்.

சிவப்பை வாசித்தேன். "சூப்பரு! இம்புட்டு ஹாரன்லயும் கணீர்னு கேக்குது." பழுப்பை வாசித்தேன். "இது ஒண்ணுமே கேக்கலயே. மொதல்ல வாசிச்சதத் தூக்கிரு மாப்ள, இன்னும் என்ன யோசன?"

அப்பாடா என்றிருந்தது. சிவப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். கடைக்கார அம்மாள் ஆங்கிலத்தில், "போனில் யார், உங்கள் ஆசிரியரா?" என்று கேட்டார்.

"நண்பர். எதிர்ப்பக்கம் நின்று கேட்டுச் சொல்வார்" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவர் எட்டித் தெருவைப் பார்த்தார். எதிரே சைக்கிள்கள்தான் நின்றன. "மழை வருகிறதே, அவரை உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றார் உண்மையான அக்கறையோடு.

சிரிப்பு வந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கஃபேயில் எதிர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. கேட்பவர்கள் என் முழங்காலுக்குப் பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கரண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்டால் போதும். அவ்வளவு பக்கத்தில் இருந்தவர்களிடம் போய் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மறுபடியும் அறைக்குள் போனேன். பழுப்புக் கிட்டாரின் ட்ரிபிளை நன்றாக இறக்கி, கம்பியை மீட்டும் வில்லையான பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினேன். மரத்தின் அதிர்வு வயிற்றில் தெரிந்தது. பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனதுதான் பயமாகவும் இருந்தது. செல்வத்துக்குக் கேட்காத கிட்டாரை நான் வாங்குவது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மார்ட்டின் பாட்டின் நடுவிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். முடிந்ததும், "அடுத்த வாரமும் இதே நேரம்" என்றார். அன்று டிராம் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தேன். சந்தோஷத்தை இந்த ஊரில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை செல்வத்தைக் கூப்பிட்டேன். மதுரை விளாங்குடியில், அவன் வீட்டில், அப்போது நடுமத்தியானம். "பொறு மாப்ள" என்று கதவைச் சாத்தினான். டிவியை நிறுத்தச் சொன்னான். அந்த வெயிலிலும் ஃபேனை அணைத்தான். கஃபேயில் கைதட்டு வாங்கிய பகுதியை அப்படியே அவனுக்கு வாசித்தேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நான் ரெடி மாப்ள. ஆரம்பி" என்றான்.

வாசித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ட்ரிபிளைக் கடைசிவரை திருப்பி, பிக்கை எடுத்து, முதலிலிருந்து வாசித்தேன்.

"ஆங்... இப்பத்தான் மாப்ள நீ வாசிக்கிற மாதிரி இருக்கு."