மணியின் நாக்கு

எங்கள் கோயில் மணி அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்றும் அடிக்கவில்லை. காரணம் யார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்றே நம்பினேன்.

பெரிய வியாழன் பூசையில் மணி ஓய்ந்தால், உயிர்ப்புப் பூசையில்தான் கத்தோலிக்கர் அதை மறுபடி அடிப்பார்கள். இடையில் பலகையைத் தட்டித்தான் மக்களை அழைப்பது. மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்த எங்கள் ஊரில் கோயிலைத் திறப்பதும் பூட்டுவதும் மணியடிப்பதும் அப்பா; வயிற்றுக்கு மீன்பிடி. பெரிய வியாழனில் அவர் ஏணி வைத்து ஏறி, காற்றில் அடித்துவிடாதபடி மணியின் நாக்கை, உள்ளே தொங்கும் இரும்பை, துணியால் சுற்றிக் கட்டிவிட்டு வருவார். அந்த வருடம் ஏறும்போது அவர் கையில் துணி மட்டும் இருந்தது. இறங்கும்போது அந்தத் துணிக்குள் கனமான ஏதோ ஒன்று இருந்தது. பத்து வயதான நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் அப்போது இரண்டு மாதம். அம்மாவின் தங்கையான சின்னம்மா, கிழமைக்கொரு முறை தன் கணவரின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து மடித்து முகாம் வாசலுக்குக் கொண்டுபோவார். சட்டை அப்படியே திரும்பி வரும். குருத்தோலை ஞாயிறன்று அவர் ஒரு சேதியோடு வந்தார்.

"அத்தான், முகாம் பெரியவர் சொல்லிட்டார். அந்தக் கரையில இருந்து தெரியாத ஆக்கள் வந்து இறங்கினா நீங்க மணியடிக்கணுமாம். ஒருக்கா அடிச்சாப் போதும், இவரை விட்டிருவாங்களாம்."

அப்பா வலையின் கிழிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாத ஆக்கள் ஆருகா இஞ்ச வாறது? எல்லாம் இயக்கத்துக்குப் போன நம்மட ஊர்ப் புள்ளயள்தானே. தாய்மாரிட்ட ஒரு வாய் சோறு தின்ன வாறானுகள்."

"அவனுகள் போனது அவனுகள்ட விருப்பம். என்ட மனிசன் என்ன செஞ்சவர்?"

அப்பா அடுத்த கிழிசலை எடுத்தார்.

எனக்கு விஷயம் மிக எளிதாகத் தெரிந்தது. தோணி வரும், மணி அடிக்கும், சித்தப்பா வீட்டுக்கு வருவார். மணி கேட்டபின் கரையில் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தது வேறொன்றை. முந்தைய வருடம் இறால் பிடிக்கும் இடத்தைப் பற்றி அப்பாவும் சித்தப்பாவும் சண்டை பிடித்து ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்தக் கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

ஊரடங்கு என்பதால் நள்ளிரவு உயிர்ப்புப் பூசை ஞாயிறு காலையில் நடந்தது. பாட்டுத் தொடங்கியதும் அப்பா கயிற்றை இழுத்தார். மணி ஆடியது, சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல மேலே பார்த்து, பங்குச் சுவாமியாரிடம் சொன்னார்.

"நாக்கைக் காணல்ல சுவாமி. ஆரோ கழட்டிற்றானுகள்."

கட்டளைகள் பத்தையும் தடங்கலில்லாமல் ஒப்புவித்து ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். களவு ஏழாவது, பொய் எட்டாவது. அப்பா நான்கு நாளுக்குள் இரண்டையும் முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை முகாமில் அவரை விசாரித்தார்கள். வீங்கிய கன்னத்தோடு திரும்பினார். மீன்பிடிக்கப் போகும் அனுமதிப் பாஸையும் பறித்துவிட்டிருந்தார்கள். தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் மரவள்ளி அவித்தார். மாலைச் செபத்தில் சோதனையில் விழவிடாதேயும் என்ற இடம் வந்தால் அப்பாவின் குரல் மட்டும் பின்தங்கும். குற்றவாளியின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய இரும்பு வாங்குகிறவர் சைக்கிளில் வந்த நாட்களில் அப்பாவின் பின்னாலேயே திரிந்தேன். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. இதுவும் சந்தேகத்துக்குரியதாகவே பட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் அப்பாவின் பாவங்களைச் சொல்லத் தொடங்கினேன். சுவாமி இடைமறித்தார்.

"அது அவர்ட. உன்ட பாவத்தைச் சொல்லு."

கடைசியில் சின்னம்மாவைக் கையைப் பிடித்துத் தோணிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கவிழ்ந்த தோணிக்கு அடியில், பழைய வலைச் சுருளுக்குள் அந்த இரும்பு இருந்தது. நான் முன்னமே தேடிக் கண்டுபிடித்திருந்தேன்.

"முகாமில கொண்டு குடுங்க சின்னம்மா. சித்தப்பாவை விட்டிருவாங்க."

சின்னம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பிள்ளையைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சற்றுத் தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரி முழங்காலளவு தண்ணீரில் நின்று சோற்றுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஒரே மகன் வாவியின் அந்தக் கரையான படுவான்கரைக்குப் போனதிலிருந்து அவர் வீட்டில் தனியாள். அன்று கழுவியது இரண்டு கோப்பை. நானும் பார்த்தேன், சின்னம்மாவும் பார்த்தார்.

பிறகு அவர் இரும்பை வலைக்குள் முன்பைவிட ஆழமாகச் சுற்றி, இருந்த இடத்திலேயே தள்ளிவைத்தார்.

"இது நங்கூர இரும்பு புள்ள. ஆரிட்டயும் சொல்லித் திரியாத."

வீட்டுக்குப் போய், மறுநாள் கொண்டுபோக மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சித்தப்பா வரவில்லை.

என் சந்தேகத்தில் அன்றிலிருந்து இரண்டு பேர். இரும்பில் சின்னம்மாவுக்கும் பங்கு பேசியாயிற்று என்று முடிவு செய்தேன். விற்றால் ஏதாவது புதிதாக வாங்குவார்கள், அப்போது பிடித்துவிடலாம் என்று அந்த வருடம் முடியும்வரை இருவரையும் கவனித்தேன். அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை.